குறுக்குவில் அம்பில் உரிந்த, கிழிந்த இறகை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

கேள்வி இது: கையில் ஆறு கார்பன் போல்ட்டுகள் (குறுக்குவில் அம்புகள்), 20 அங்குல நீளம், 3 அங்குல பிளாஸ்டிக் இறகுகள். இரண்டில் ஓர் இறகின் முன்முனை தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒன்றில் இறகு பாதி கிழிந்துவிட்டது. மீதி மூன்றில் இறகுகள் அலையலையாக நெளிந்திருக்கின்றன. இறகைச் சரியான இடத்தில் பிடித்து ஒட்டும் ஜிக் என்ற கருவி இல்லாமல் வீட்டில் சரிசெய்ய முடியுமா? எந்தப் பசை வாங்கலாம்?

முடியும். பசையைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்க வேண்டும். ஒட்டிய இறகு மறுபடி உரிந்தால் எல்லோரும் பசையைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி, சரியாகத் துடைக்காத தண்டும் கைபட்ட இறகின் அடியும்தான். இறகு ஒட்டும் வேலையில் முக்கால்வாசி நேரம் ஒட்டுவதற்கு முன்பே செலவாக வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இறகு எப்படிக் கிழிந்தது? பக்கத்து அம்பு உரசிக் கிழித்திருந்தால் அதே அடி தண்டிலும் விழுந்திருக்கலாம். கார்பன் தண்டில் மயிரிழை விரிசல் இருந்து அதை எய்தால், நாண் தள்ளும் விசையில் தண்டு சிதறிக் கையில் குத்தும். ஆகவே முதலில் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தண்டைச் சோதியுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்து, முகத்தை விட்டுத் தள்ளி, லேசாக வளையுங்கள். கால் சுற்று திருப்பி மறுபடி வளையுங்கள். இப்படி ஒரு முழுச் சுற்று வரட்டும். பிறகு இரு முனைகளையும் எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். 'கிரிக்' என்ற மெல்லிய சத்தம் கேட்டாலும், வளைவு ஓரிடத்தில் மட்டும் மெத்தென்று இருந்தாலும் அந்தத் தண்டு போயிற்று. அடுத்து ஒரு பஞ்சு உருண்டையை நீளவாக்கில் இழுங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே நார் கிளம்பியிருக்கிறது. அப்படிப்பட்ட தண்டை ஒடித்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் வேறு யாராவது எடுத்து எய்யக்கூடும். நாண் வந்து உட்காரும் பின்முனைத் துண்டை நாக் என்கிறார்கள். அதையும் பாருங்கள். விரிசல் இருந்தாலோ ஆடினாலோ இறகைத் தொடும் முன்பே அதை மாற்ற வேண்டும், ஏனென்றால் இறகின் இடத்தைத் தீர்மானிப்பதே நாக்தான்.

நெளிந்த மூன்றுக்கும் பசையே தேவையில்லை. குவிவரில் (அம்புக்கூட்டில்) நெருக்கிச் செருகியதாலோ பை இலக்கின் வழியே இறகு புகுந்து வெளிவந்ததாலோ நெளிவு வரும். இறகுப் பிளாஸ்டிக் சூடு பட்டால் பெரும்பாலும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். தலைமுடி உலர்த்தியை 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, போல்ட்டைச் சுழற்றிக்கொண்டே பத்துப் பதினைந்து விநாடி காட்டுங்கள். விரலால் நீவி நேராக்கி, ஆறும்வரை அப்படியே பிடியுங்கள். கெட்டிலின் மூக்கில் வரும் ஆவியும் இதே வேலையைச் செய்யும். சிகரெட் லைட்டர், கேஸ் அடுப்பு, பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் மூன்றும் கூடாது. கார்பன் நார்களைப் பிடித்துவைத்திருப்பது எப்பாக்ஸிப் பிசின். அது அளவுக்கு மீறிச் சுட்டால் தண்டின் பலம் போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது. முன்முனை உலோகச் செருகியை உருகு பசையில் ஒட்டியிருந்தால் அந்தப் பக்கம் சூடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூடு காட்டியும் விறைப்பு திரும்பாமல் துவண்டு நிற்கும் இறகை மாற்றத்தான் வேண்டும்.

முன்முனை மட்டும் தூக்கிய இரண்டிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். தூக்கிய பகுதி 5 மி.மீ.க்குள் இருந்து, மீதி இறகு நகத்தால் நெம்பினாலும் அசையாமல் இருந்தால், அந்த இடத்தை மட்டும் ஒட்டலாம். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் தோய்த்த காகித ஓரத்தை இடுக்கில் விட்டு இழுத்து, நன்றாக உலரவிட்டு, பல்குத்தி நுனியால் கடுகளவு சூப்பர் குளூ ஜெல்லை உள்ளே தடவி அரை நிமிடம் அழுத்துங்கள். 5 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் மிச்சமுள்ள ஒட்டும் வலுவிழந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். முழுசாக உரித்து எடுத்துவிடுவது நல்லது.

பாதி கிழிந்ததை ஒட்டிப் பார்க்காதீர்கள். கிழிசலின் இரு ஓரத்தையும் பசையால் சேர்த்தால் அந்த இடம் கல்லாகக் கெட்டிப்பட்டு, அதற்குப் பக்கத்திலேயே மறுபடி கிழியும். பின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் பிய்ந்திருந்தால் அப்படியே எய்யலாம். அதற்கு மேல் என்றால் புது இறகுதான்.

ஓர் இறகை மட்டும் மாற்றுவதா, மூன்றையுமா? பழைய இறகின் அதே மாதிரி கிடைத்தால் ஒன்று மட்டும் போதும். அதில் ஒரு பெரிய வசதி உண்டு: நிற்கும் இரண்டு இறகுகளும் மூன்றாவதற்கான இடத்தையும் கோணத்தையும் காட்டிக்கொடுக்கும். அதே மாதிரி கிடைக்காவிட்டால் மூன்றையும் மாற்றுங்கள். உயரமோ விறைப்போ வேறான இறகுகள் ஒரே தண்டில் கலந்தால் காற்று மூன்றையும் ஒரே மாதிரி தள்ளாது, அம்பு தள்ளாடிக்கொண்டு போகும்.

உரிப்பதில்தான் தண்டுகள் அதிகம் வீணாகின்றன. இறகின் ஒரு முனையைக் கத்தியால் நெம்பி, குறடால் பிடித்து, தண்டோடு ஒட்டிய வாக்கில் மெல்ல இழுங்கள். பெரும்பாலும் ஒரே இழுப்பில் வரும். தண்டில் தங்கும் பசைக் கோட்டைச் சுரண்ட மழுங்கிய கத்தி போதும். பிளேடைச் சாய்த்துச் சீவக் கூடாது. தண்டுக்குச் செங்குத்தாக நிறுத்தி நீளவாக்கில் இழுக்க வேண்டும். சாய்த்தால் கூர் நார்களுக்கு அடியில் புகுந்து சிலாம்பைக் கிளப்பும். கார்பன் தூள் தோலில் அரிக்கும், நுரையீரலுக்கும் நல்லதல்ல. நைட்ரைல் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

இறகுப் பகுதியில் வண்ண ஸ்டிக்கர் சுற்றியிருந்தால் கதை வேறு. இறகு ஒட்டியிருப்பது கார்பனில் அல்ல, அந்த ஸ்டிக்கரில். அசிட்டோன் பட்டால் ஸ்டிக்கர் இளகிப் பிசுபிசுக்கும். ஓர் இறகு மட்டும் என்றால் ஸ்டிக்கர் கிழியாமல் உரித்து, ஆல்கஹாலால் மட்டும் துடையுங்கள். மூன்றும் என்றால் நாக் பக்கத்தை மட்டும் கை பொறுக்காத சூட்டு நீரில் அரை நிமிடம் முக்கி, ஸ்டிக்கரையே இறகுகளோடு சேர்த்துச் சுருட்டி எடுத்துவிடலாம்.

சரி, துடைப்பு. வெறும் கார்பன் அல்லது அலுமினியத் தண்டு என்றால் அசிட்டோனில் நனைத்த வெள்ளைக் காகிதத்தால் துடையுங்கள். காகிதத்தில் அழுக்கு ஏறுவது நிற்கும் வரை காகிதத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். நாக் துண்டில் அசிட்டோன் படக்கூடாது; பல நாக் துண்டுகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக், அசிட்டோன் பட்டால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழும். ஊறவைக்கவும் கூடாது, துடைத்தால் போதும். தண்டு பளபளவென்று வழுக்கினால் 400 எண் உப்புத்தாளால் இறகு உட்காரும் கோட்டில் மட்டும் இரண்டு மூன்று இழுப்பு, பளபளப்பு மங்கும் அளவுக்கு. அதற்கு மேல் தேய்த்தால் நாரைத் தேய்க்கிறீர்கள்.

துடைத்தது போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான சோதனை உண்டு. அந்த இடத்தில் தண்ணீர் விடுங்கள். நீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது. ரெயிலுக்கு, அதாவது வில்லில் அம்பு படுத்து ஓடும் பள்ளத்துக்கு, போடும் லூப் என்ற மசகும் நாணுக்குத் தடவும் மெழுகும் தண்டின் பின்பகுதியில்தான் வந்து சேரும். சோதனை தேறிய பிறகு உலரவிடுங்கள். அந்த இடத்தை இனி விரலால் தொடக் கூடாது.

இறகின் அடியையும் துடைக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அச்சில் வார்த்த இறகின் அடியில், அச்சிலிருந்து கழன்று வருவதற்குத் தடவிய பொருளின் படிவு இருக்கும். வினைல் இறகுகளில் பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய் நாளடைவில் மேலே கசியும். இங்கே ஆல்கஹால் போதும், அசிட்டோன் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளை அது கரைக்கும். இறகு அடிக்கென்றே பிரைமர் பேனாக்கள் விற்கின்றன. ஏ.ஏ.இ. நிறுவனத்தின் பேனா பரவலாகக் கிடைக்கிறது. ஒட்டவே மறுக்கும் இறகுகளுக்கு அது நிஜமாகவே உதவும்.

இப்போது பசை. சயனோஅக்ரிலேட் வகை முதல் தேர்வு. ஊரில் ஃபெவிக்விக் என்று வாங்குகிறோமே, அதே குடும்பம். தண்ணீர் போன்றதை விடக் கெட்டியான ஜெல் நல்லது, ஓடாது, இடத்தில் நிற்கும். இறகுக்கென்றே வரும் கோட் டஃப், ஏ.ஏ.இ. மேக்ஸ் பாண்ட் போன்றவை காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். சாதாரணச் சூப்பர் குளூ விறைத்து, இலக்கில் படும் அதிர்ச்சியில் சில சமயம் சடக்கென்று விடும். போனிங் நிறுவனத்தின் ஃப்ளெட்ச்-டைட் பிளாட்டினம் கரைப்பான் வகை. ஓர் இறகுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் கிளாம்பில் இருக்க வேண்டும், ஆனால் பொறுமைக்குப் பலன் உண்டு, அடுத்த முறை உரிப்பதும் சுலபம். உருகு பசை, மரப்பசை இரண்டும் உதவாது. முதலாவது வெயிலில் நின்ற காருக்குள் இளகும், இரண்டாவது பிளாஸ்டிக்கைப் பிடிக்கவே பிடிக்காது.

சயனோஅக்ரிலேட் காற்றின் ஈரத்தால்தான் கெட்டியாகிறது. கனடாவின் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வறண்ட வீட்டில் நேரம் பிடிக்கும், கடலோர ஊர்களில் உடனே பிடிக்கும். அவசரத்துக்கு ஆக்சிலரேட்டர் ஸ்பிரே அடித்தால் ஒட்டு உடையும் தன்மை பெறுகிறது, தவிர்ப்பது நல்லது. வழிந்த பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ ஒற்றாதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் இந்தப் பசை சட்டென்று சூடேறிப் புகையும், விரலைச் சுடும்.

அடுத்தது இறகின் இடம். கையால் இழுக்கும் வில்லின் அம்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். மூன்று இறகுகளில் ஒன்று, வழக்கமாக வேறு நிறத்தில் இருக்கும் குறி இறகு, ரெயிலின் பள்ளத்துக்குள் கீழ்நோக்கி இறங்க வேண்டும். (ஐரோப்பாவின் இடைக்காலப் போல்ட்டுகளில் பெரும்பாலும் இரண்டே இறகுகள், தோலோ மெல்லிய மரச்சீவலோ. தட்டையான கட்டையில் படுக்க மூன்றாவது இறகு இடைஞ்சல்தானே.) இந்தக் குறி இறகு நாக் துண்டில் நாண் உட்காரும் பள்ளத்துக்கு 90 பாகையில் நிற்க வேண்டும். பிறை வடிவ நாக்கில் பிறையின் பள்ளம் நாணோடு இணையாகக் கிடையாக இருக்கும்போது குறி இறகு நேர்கீழே. சில பாகை பிசகினாலும் நாண் பிறைக்குள் உட்காராமல் அம்பின் மேலோ கீழோ ஏறிவிடும். அம்பு இல்லாமல் நாணை விட்டதற்குச் சமம் அது. வில்லின் கைகள் பிளக்கும், சக்கரம் உடையும், நாண் அறும். தட்டை நாக், நாணைக் கவ்வும் நாக், டென்பாயின்ட் நிறுவனத்தின் ஆல்ஃபா-நாக் என்று வகைகள் பல. உங்கள் வில்லின் கையேடு எதைச் சொல்கிறதோ அதைத் தவிர வேறு போடாதீர்கள். ரேவின் போன்ற வில்களில் அம்பு ரெயிலில் படுப்பதே இல்லை, நாக்கும் அவர்களுடையதேதான். அந்த அம்புகளுக்கு அவர்கள் கையேட்டை மட்டும் பாருங்கள்.

ஜிக் இருந்தால் வேலை சுலபம். பிட்சன்பர்கர் ஜிக் ஒவ்வோர் இறகாக ஒட்டும், தலைமுறைக்கு உழைக்கும், குறுக்குவில் நாக்குக்கான தாங்கியைத் தனியாக வாங்க வேண்டும். அரிசோனா ஈஸி ஃப்ளெட்ச் மூன்றையும் ஒரே மூச்சில் ஒட்டும். எதுவானாலும் உங்கள் தண்டின் விட்டத்துக்கும் நாக்குக்கும் பொருந்துமா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று இறகுகளுக்காக ஜிக் வாங்கச் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு போல்ட்டுகள் வைத்திருந்து வாராவாரம் எய்பவர் என்றால் வாங்கிவிடுவதுதான் லாபம்.

ஜிக் இல்லாதவருக்குக் காகிதம் போதும். பரவலாக உள்ள 22/64 அங்குலத் தண்டின் விட்டம் 8.7 மி.மீ., சுற்றளவு சுமார் 27.4 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு 9.1 மி.மீ. ஒரு காகிதப் பட்டையைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றி, ஓரம் சந்திக்கும் இடத்தில் குறித்து, விரித்து மூன்றாகப் பிரியுங்கள். அதை நாக்குக்கு முன்னால் சுற்றி ஒட்டி, ஒரு கோடு குறி இறகுக்கு நேராக வரும்படி நகர்த்துங்கள். நாக்கின் பின் விளிம்பிலிருந்து இறகு எவ்வளவு தள்ளி ஆரம்பிக்கிறது என்பதை உரிக்கும் முன்பே அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். உரித்துவிட்டீர்கள் என்றால் பக்கத்து அம்பில் அளங்கள்.

சாய்வையும் அளக்கலாம். 3 அங்குல இறகு 1 பாகை சாய்ந்தால் முன்முனை பின்முனையை விட 1.3 மி.மீ. விலகும், 2 பாகைக்கு 2.7 மி.மீ. பழைய பசைத் தடத்தில் இந்த விலகலை அளந்து அதையே பின்பற்றுங்கள். நிறைய சுழன்றால் நேராகப் போகும் என்று நினைத்துச் சாய்வைக் கூட்டுகிறார்கள். குறி இறகு குறுகிய பள்ளத்துக்குள் போயாக வேண்டும் என்பது மறந்துபோகிறது. உருண்டைத் தண்டில் நேரான இறகை 3 பாகைக்கு மேல் சாய்த்தால் இறகின் இரு முனைகளும் தண்டைத் தொடாமல் தூக்கிக்கொள்ளும், அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். மூன்று இறகும் ஒரே பக்கமாகச் சாய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒட்டும் நேரம் சில விநாடிகள்தான். ஜிக் கிளாம்பானாலும் நேரான இரு பிளாஸ்டிக் அளவுகோல்களானாலும் இறகை அவற்றுக்கு இடையில் பிடித்து அடி 1 மி.மீ. மட்டும் வெளியே தெரியட்டும். கிளாம்பின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் பசை அதில் ஒட்டாது, ஆனால் மெழுகு இறகின் அடியில் படக் கூடாது. பசையை இறகின் அடியில் வையுங்கள், தண்டில் வேண்டாம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விடாமல் ஒரு மெல்லிய கோடு, தடிமன் 1 மி.மீ.க்குள். பசை நிறைய வைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்பது பொய். தடித்த பசை உள்ளே காய நேரம் எடுக்கும், வழிந்து கட்டி தட்டும், எடையும் கூட்டும். பின்முனையை முதலில் கோட்டில் வைத்து முன்னோக்கி இறக்கி, நீளம் முழுவதும் சம அழுத்தம் கொடுங்கள். ஜெல் என்றால் 30 விநாடி. தொட்ட பிறகு நகர்த்தவே கூடாது; கோணல் என்று தெரிந்தால் பிய்த்து, துடைத்து, மறுபடி வையுங்கள். மூன்றும் முடிந்த பின் ஒவ்வோர் இறகின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒரு சிறு சொட்டு. இலக்குக்குள் புகும்போது முதல் அடி வாங்குவது முன்முனைதான், அந்தச் சொட்டு ஒரு சரிவாக நின்று அடியை வழுக்கிவிடும். 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

மறுநாள் ஒவ்வோர் இறகையும் விரலால் பக்கவாட்டில் மடக்கிப் பாருங்கள். அடி அசையவில்லை என்றால் சரி. நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 1 கிரெய்ன் என்பது 0.065 கிராம், சமையலறைத் தராசு இதைக் காட்டாது. ஒரு செட்டுக்குள் 5 கிரெய்ன், அதாவது 0.32 கிராம் வரை வித்தியாசம் இருந்தால் கவலை வேண்டாம். வேறு கனமான இறகுக்கு மாறினால் மட்டும் யோசியுங்கள், ஏனென்றால் எடை கூடுவது வால் பக்கம். 400 கிரெய்ன் எடையுள்ள 20 அங்குல போல்ட் ஒன்று பின்முனையிலிருந்து 13 அங்குலத்தில் சமநிலை கொள்கிறது என்று வைப்போம். நடுப்புள்ளியை விட 3 அங்குலம் முன்னால், ஆக முன்கனம் 15 சதவீதம். வாலில் 10 கிரெய்ன் கூடினால் அந்தப் புள்ளி கால் அங்குலம் பின்னே வந்து, முன்கனம் 14க்கும் கீழே இறங்கும். பெரிய ஆபத்தில்லை, ஆனால் தூரத்தில் அம்பு விழும் இடம் மாறும். இறகுகளைக் குறைத்து எடையைக் கையேடு சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறக்குவதுதான் ஆபத்து.

எய்த பிறகு ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எல்லாப் போல்ட்டுகளிலும் குறி இறகு மட்டும் தேய்கிறது என்றால் சிக்கல் ஒட்டில் இல்லை, வில்லில் இருக்கிறது: பள்ளத்தில் காய்ந்த லூப்பும் தூசியும் கட்டியிருக்கும், அல்லது இறகின் உயரம் பள்ளத்தின் ஆழத்துக்கு அதிகம். இறகுகளின் ஓரத்தில் லிப்ஸ்டிக் தடவி ஒரு முறை எய்தால் எங்கே உரசுகிறது என்று ரெயிலில் கறை காட்டும். மேலே உள்ள இரண்டு இறகுகள் தேய்ந்தால், அம்பை அழுத்திப் பிடிக்கும் பிடிப்பட்டை அவற்றுக்கு நடுவே இறங்காமல் ஒன்றின் மேல் உட்கார்கிறதா என்று பாருங்கள்.

சரிசெய்த போல்ட்டுகளுக்குத் தண்டில் எண் எழுதிவிடுங்கள். முதல் சில எய்தல்கள் பயிற்சி முனையோடு, 10 மீட்டரிலிருந்து, ஒவ்வோர் எய்தலுக்கும் இலக்கில் வேறு புள்ளியைக் குறிவைத்து. ஒரே புள்ளியில் குவித்தால் மறுபடி இறகு கிழியும். ஏதாவது ஓர் எண் மட்டும் தொடர்ந்து விலகிப் போனால் அதன் இறகுகளின் இடைவெளியைக் காகிதப் பட்டையால் மறுபடி அளங்கள். வேட்டைக்கான பிராட்ஹெட் முனையை அதன் பிறகே மாட்டுங்கள். அந்த அகன்ற முனை முன்னால் இன்னொரு இறகு போலக் காற்றைப் பிடிப்பதால், பயிற்சி முனையில் தெரியாத சிறு கோணலும் 30 மீட்டரில் கை அகலம் விலகலாகத் தெரியும்.